வாசகர் கேள்வி - பதில்: சாண்டா கிளாஸ் ஊரின் இரட்டைப் பூங்காக்கள்

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வசிக்கிறாள். வரும் ஜூலையில் நானும் என் கணவரும் அங்கே செல்கிறோம். பேரக்குழந்தைகளை ‘ஹாலிடே வேர்ல்ட்’ என்ற கேளிக்கைப் பூங்காவுக்கும் அதை ஒட்டியுள்ள ‘ஸ்பிளாஷின் சஃபாரி’ என்ற நீர்ப்பூங்காவுக்கும் அழைத்துச் செல்வதாகத் திட்டம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியுமா? அறுபதைத் தாண்டிய எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: வணக்கம், அம்மா. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு ஒன்றுதான். அன்று முழுவதும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். தெற்கு இண்டியானாவில் ஜூலை மாதம் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்திருக்கும் என்பதால், காலையில் ராட்டினங்கள், நண்பகலில் தண்ணீர், பொழுது சாய்ந்ததும் உடை மாற்றிக்கொண்டு மீண்டும் ராட்டினங்கள் என்பதே பலரும் பின்பற்றும் ஒழுங்கு. பேரக்குழந்தைகள் பெரிய நீர்ச்சறுக்குகளை விரும்பினால் மட்டும் இந்த ஒழுங்கை மாற்றி, நீர்ப்பூங்கா திறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அங்கே போய்விடுங்கள். பிறகு வரிசை நீண்டுவிடும்.

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் நான் சொல்வது, மிதவை வளையத்தில் அமர்ந்து மெல்ல மிதந்து செல்லும் செயற்கை ஆறுகள். அங்கே அப்படி இரண்டு ஆறுகள் உள்ளன, அலைக்குளங்களும் இரண்டு. மிதவைக்குத் தனிக் கட்டணம் இல்லை. புடவையுடன் தண்ணீரில் இறங்குவது சரிவராது. உடலோடு ஒட்டிய, உலோகக் கொக்கியோ ஜிப்போ இல்லாத நீச்சல் உடை ஒன்றை மகளிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூங்கா, இண்டியானாபொலிஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தாலும் வேறொரு நேர மண்டலத்தில் இருக்கிறது. மகள் வீட்டுக் கடிகாரத்தைவிட அங்கே ஒரு மணி நேரம் குறைவாகக் காட்டும். போகும்போது கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை வரும்போது இழப்பீர்கள் என்பதால், இரவுப் பயணத்தைத் தவிர்த்து அங்கேயே தங்குவது நல்லது. தங்கினால், மறுநாள் காலையில் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள லிங்கன் நினைவிடத்தை அவசியம் பாருங்கள். ஆபிரகாம் லிங்கன் ஏழு வயது முதல் இருபத்தொரு வயது வரை வளர்ந்த மண் அது. 1818இல் இறந்த அவருடைய தாய் நான்சியின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. ராட்டினங்களைவிட உங்கள் மனத்தில் அதிக நாள் நிற்கப்போவது அதுவாகக்கூட இருக்கலாம்.

கேள்வி: அந்தப் பூங்கா இருக்கும் ஊரின் பெயரே ‘சாண்டா கிளாஸ்’ என்று படித்தேன். பூங்காவுக்காக வைத்த பெயரா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஊருக்குப் பெயர் வந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத்தான் பூங்கா வந்தது. ஊரார் முதலில் ‘சாண்டா ஃபே’ என்ற பெயரையே விரும்பினார்கள். அதே மாநிலத்தில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் ஊர் இருந்ததால் அஞ்சல் துறை ஏற்கவில்லை. 1856இல் ‘சாண்டா கிளாஸ்’ என்ற பெயர் அஞ்சல் நிலையத்துக்குக் கிடைத்தது.

எவான்ஸ்வில் நகரைச் சேர்ந்த தொழிலதிபர் லூயிஸ் கோக், ஒன்பது பிள்ளைகளின் தந்தை. பெயரை நம்பி இந்த ஊருக்கு வரும் குழந்தைகள் சாண்டாவைக் காணாமல் ஏமாந்து திரும்புவது அவரை வருத்தியது. ஓய்வுக்காலத்தில் அவர் தொடங்கிய ‘சாண்டா கிளாஸ் லேண்ட்’ 1946 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்டது. ஒரு சாண்டா, பொம்மைக் கடை, உணவகம், சிறுவர்களுக்கான சில ராட்டினங்கள் ஆகியவற்றுடன் தொடங்கிய இடம் அது. டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது 1955இல் என்பதால், உலகின் முதல் தீம் பார்க் இதுவே என்று அவ்வூரார் பெருமைப்படுவதுண்டு. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் பழைய மேற்கத்திய ஊர் ஒன்றை 1940களின் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டார்கள் என்பதால், ‘முதல்’ என்ற பட்டத்தை நான் உறுதியாக வழங்கமாட்டேன். மிகப் பழையவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

பல ஆண்டுகள் அங்கே சாண்டாவாக அமர்ந்திருந்தவர் ஜிம் யெல்லிக். அவருடைய மகள் பட்ரீஷியாவைத்தான் லூயிஸ் கோக்கின் மகன் பில் மணந்தார். சாண்டாவின் மகள் பூங்காவின் மருமகளானாள் என்று சொல்லலாம். 1984இல் ஹாலோவீன், அமெரிக்க விடுதலை நாளான ஜூலை நான்கு ஆகிய பண்டிகைகளுக்கும் தனிப் பகுதிகள் அமைத்துப் பெயரை ‘ஹாலிடே வேர்ல்ட்’ என்று மாற்றினார்கள். 1993இல் பக்கத்திலேயே நீர்ப்பூங்கா வந்தது. அமெரிக்காவின் பெரிய பூங்காக்களில் பல பெருநிறுவனங்களின் கைக்குப் போய்விட்ட காலத்தில், இது இன்றும் அதே குடும்பத்திடம், நான்காம் தலைமுறையிடம் இருக்கிறது. என் மதிப்பில் அதன் எல்லாச் சிறப்புகளுக்கும் வேர் அதுவே.

கேள்வி: அங்கே குளிர்பானம் நாள் முழுவதும் இலவசம் என்கிறார்களே, கட்டுப்படியாகுமா? நான் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவன் என்பதால் கேட்கிறேன். (ஒரு வாசகர், மதுரை)

பதில்: உண்மைதான். 2000ஆம் ஆண்டிலிருந்து குளிர்பானத்துக்குக் காசு வாங்குவதில்லை. கார் நிறுத்தவும், வெயிலில் தோல் கருகாமல் பூசிக்கொள்ளும் சன் ஸ்கிரீனுக்கும்கூடக் கட்டணம் இல்லை. கடைக்காரரான உங்களுக்கு விளங்கும்: இயந்திரத்தில் பிடித்துத் தரும் குளிர்பானத்தில் சாற்றின் அடக்கவிலை மிகக் குறைவு, கட்டணத்தில் பெரும்பகுதி லாபம். அந்த லாபத்தை விட்டுக்கொடுத்து, செலவை நுழைவுச்சீட்டின் விலைக்குள் அடக்கிவிடுகிறார்கள். ஆகவே இது முற்றிலும் இலவசம் என்று சொல்வதைவிட, முன்பே வசூலித்தது என்று சொல்வது பொருத்தம்.

ஆயினும் விளைவு பெரிது. நான்கு பிள்ளைகளுடன் வரும் தாய், ஒவ்வொரு முறை ஒரு குழந்தை தாகம் என்னும்போதும் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. கொளுத்தும் வெயிலில் பிள்ளைகள் நீர் வற்றித் துவண்டுபோவதில்லை. மனம் சுணங்காத குடும்பம் மாலை வரை இருந்து, சாப்பாட்டையும் உள்ளேயே வாங்கிச் சாப்பிடுகிறது. மறு ஆண்டும் வருகிறது. இந்த ஏற்பாடு தொடங்கியபோது பூங்காவை நடத்தியவர் பில் கோக்கின் மகன் வில். அவர் 2010 ஜூனில் மறைந்தார், ஏற்பாடு தொடர்கிறது. விருந்தினரிடம் சில்லறை சில்லறையாகப் பிடுங்காத இந்தக் கண்ணியத்தை நம் ஊர்ப் பூங்காக்களும் பின்பற்ற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். குடிநீர் பாட்டிலிலிருந்தாவது தொடங்கலாம்.

கேள்வி: நீர்ச்சறுக்கு என்றால் மேலிருந்து கீழேதானே வர வேண்டும்? ஸ்பிளாஷின் சஃபாரியில் படகு மேட்டின்மீது ஏறும் காணொளியைப் பார்த்தேன். எப்படி ஏறுகிறது? (ஒரு பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் பார்த்தது ‘வைல்டுபீஸ்ட்’ அல்லது ‘மேமத்’ ஆக இருக்கும். முன்னது 2010இல் வந்தது. நால்வர் ஒருவர்பின் ஒருவராக அமரும் படகு, 1,710 அடி நீளப் பாதை. பின்னது 2012இல் வந்தது. அறுவர் வட்டமாக அமரும் மிதவை, 1,763 அடி நீளம். திறக்கப்பட்ட காலத்தில் ஒவ்வொன்றும் உலகின் மிக நீளமான நீர் ரோலர் கோஸ்டர் எனப் பெயர் பெற்றது.

முதல் உச்சிக்கு உங்களைக் கொண்டு செல்வது மேல்நோக்கி ஓடும் ஒரு பட்டை. படகில் அமர்ந்தபடியே மேலே போகிறீர்கள், படி ஏற வேண்டியதில்லை. முதல் சரிவில் பெறும் வேகம் அடுத்த மேட்டை முழுதாக ஏறப் போதாது, ஏனெனில் தண்ணீரின் உராய்வு வேகத்தைத் தின்றுவிடும். அங்கேதான் நேரியல் தூண்டல் மோட்டார் உதவுகிறது. உங்கள் வீட்டு மின்விசிறியின் மோட்டாரை எண்ணிப்பாருங்கள்: நிலையாக இருக்கும் கம்பிச்சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பாயும்போது சுழலும் காந்தப்புலம் உண்டாகி, சுழலியில் மின்னோட்டத்தைத் தூண்டி, அதையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி நேராக விரித்தால், புலம் சுழல்வதற்குப் பதிலாக ஓடும். கம்பிச்சுருள்கள் சறுக்கின் தளத்துக்கு அடியிலும், சுழலிக்கு ஈடான உலோகத் தகடு படகின் அடிப்பாகத்திலும் இருக்கின்றன. புலம் மேட்டை நோக்கி ஓட, தகடும் அதன்மேல் அமர்ந்தவர்களும் கூடவே ஏறுகிறார்கள். இடையில் உரசும் பாகமோ சங்கிலியோ எதுவும் இல்லை.

இதற்கு முன்பு இதே வேலையைப் பீய்ச்சும் தண்ணீரால் செய்தார்கள்; பின்னாலிருந்து வேகமாகப் பாயும் நீர்த்தாரை மிதவையை மேலே தள்ளும். அதற்கு ஆற்றல்மிக்க பம்புகள் இடைவிடாமல் ஓட வேண்டும். மோட்டாருக்கோ படகு வரும் சில நொடிகளுக்கு மட்டும் மின்சாரம் போதும். கனமான பெரிய மிதவைகளை ஏற்ற முடிந்ததும் இதனால்தான். 2020இல் அதே பூங்காவில் ‘சீட்டா சேஸ்’ என்ற மூன்றாவது நீர் ரோலர் கோஸ்டரும் வந்தது.

கேள்வி: இரும்பு ரோலர் கோஸ்டர்களின் காலத்தில் மரத்தால் செய்த கோஸ்டர்களை எதற்காக வைத்திருக்கிறார்கள்? பயமில்லையா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: அவை பழையவை அல்ல. ‘ரேவன்’ 1995இலும், ‘லெஜண்ட்’ 2000இலும், ‘வாயேஜ்’ 2006இலும் மரத்தை விரும்பியே புதிதாகக் கட்டியவை. பல அடுக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, மேலே இரும்புப் பட்டை பதித்ததுதான் தண்டவாளம். வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலும் பக்கவாட்டிலும் அடியிலும் பற்றியிருப்பதால் அது தூக்கியடிக்க வழியில்லை. வாயேஜின் தண்டவாளம் மரம், தாங்கும் கால்கள் எஃகு. 6,442 அடி, அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம், 154 அடிச் சரிவு, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். கேளிக்கைப் பூங்காக்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் ‘கோல்டன் டிக்கெட்’ விருதுகளில் 2007 முதல் 2011 வரை உலகின் சிறந்த மரக் கோஸ்டராக அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

மரம் சற்றே நெகிழும். அந்த உலுக்கலும் கடகட ஓசையும் இரும்பில் கிடைக்காதவை. முதுகுவலியும் கழுத்துவலியும் உள்ளவர்கள் வாயேஜைத் தவிர்த்துவிட வேண்டும். 48 அங்குல உயரம் இல்லாத குழந்தைகளை அதில் ஏற்றமாட்டார்கள். அழுதாலும் வாதாட வேண்டாம்.

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று பூங்கா திறந்திருக்குமா? (ஒரு மாணவி, தூத்துக்குடி)

பதில்: ராட்டினங்கள் ஓடா. மே மாதத்தில் திறந்து அக்டோபரோடு பூங்காவை மூடிவிடுவார்கள். நீர்ப்பூங்கா அதற்கும் முன்பே மூடப்படும். டிசம்பரில் அந்த ஊரில் மும்முரமாக இயங்குவது அஞ்சல் நிலையம்தான். சாண்டாவுக்கு எழுதும் குழந்தைகளுக்குத் தொண்டர்கள் பதில் எழுதும் வழக்கத்தை 1914இல் அங்கிருந்த அஞ்சல் அதிகாரி ஜேம்ஸ் மார்ட்டின் தொடங்கினார்; இன்றும் அது நடக்கிறது. ஆண்டுதோறும் புதிய படத்துடன் ஓர் அஞ்சல் முத்திரையும் வெளிவருகிறது. அந்தப் படத்தை வரைபவர் உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஒருவர். நீங்களும் எழுதலாம், டிசம்பருக்கு வெகு முன்னதாகவே அனுப்பி, உங்கள் முகவரியை ஆங்கிலத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.