ஆடிப்பட்டத்துக்கு முன்: வேலூர் வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் மண் நிரப்பிய பைகளில் பதினாலு வருஷமாகக் காய்கறி போடுகிறேன். ரசாயன உரமும் மருந்தும் சேர்ப்பதில்லை. ஆனி பிறந்தாலே கேள்விகள் குவியும். கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

காட்பாடி: பையில் மண்ணுக்கு மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இலை ஓரமெல்லாம் கருகுது. பூஞ்சையா சார்?

பூஞ்சை இல்லைங்கம்மா, உப்பு. விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பூஞ்சை என்றால் பஞ்சு போல நசுங்கிவிடும், உப்பு நறநறவென்று இருக்கும். நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீராகத்தான் இருக்கும். பாலாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். போர் ஆழம் போகப் போகத் தண்ணீர் கடுக்கிறது. அந்தத் தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது உப்பு மட்டும் பையிலேயே தங்கிவிடுகிறது. மேல் மண்ணை ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டி எறியுங்கள். அப்புறம் மழைத்தண்ணீரோ குடிக்கக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ மெதுவாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக நன்றாக வடிய விடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் போதும்.

மாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் ஒரு டிரம் வையுங்கள். நூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 90 லிட்டர் கிடைக்கும். தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு. இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். எந்தச் செடிக்கு என்ன வந்தாலும் முதலில் தண்ணீரைப் பாருங்கள், மருந்தை அப்புறம் யோசிக்கலாம்.

பாகாயம்: சித்திரையில் தக்காளி பூ பூவாகக் கொட்டிவிட்டது. என்ன தெளிக்கலாம்?

எதுவும் வேண்டாம். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பிஞ்சு பிடிக்காது. கத்திரி வெயிலில் நம் ஊர் 40-ஐத் தாண்டுகிறது. அந்த மாதங்களுக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். தக்காளி, மிளகாய், கத்திரி, அவரை, பாகல் எல்லாம் ஆடியில். விதையை இப்போதே நாற்று விட்டால் ஒரு மாதத்தில் நடவுக்கு வந்துவிடும்.

கொசப்பேட்டை: பஞ்சகவ்யம் தினமும் தெளிக்கலாமா?

கூடாது. லிட்டருக்கு 30 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, வெயில் இறங்கிய பிறகு.

ஆற்காடு: தெரிந்தவர் தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து தோல் சீவல் சும்மா தருகிறார். மக்கவைத்து உரமாகப் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். குரோமியம் என்ற கன உலோகம் போட்டுப் பதனிட்ட தோல் அது. மக்கினாலும் குரோமியம் எங்கேயும் போகாது. ஷெட் பக்கத்து மண்ணையும் அள்ளி வராதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் கீரை முளைக்கிற பை அது. வேப்பம் புண்ணாக்கும் மக்கிய சாணமும் போதும்.

அணைக்கட்டு: மாடியில் எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரி வருது என்று போன தடவை சொன்னீர்கள். விதை நம்முடையதாக இருக்கலாம், ருசி எங்கள் மண்ணுக்குத்தான். பையில் விளைந்தால் அது வெறும் கத்திரி.

அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். 2023-ல் இந்தக் கத்திரிக்கு ‘வேலூர் முள்ளு கத்திரிக்காய்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்ததே ஊரையும் சேர்த்துத்தான். மாடியில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்றால் தப்பு. நான் விற்பதில்லை. ஆனால் அந்த முள்ளும் பளபளப்பும், எண்ணெயில் போட்டதும் வெண்ணெயாகக் குழைகிற சதையும் விதையில் இருக்கிறது.

குடியாத்தம்: அணைக்கட்டுக்காரர் சொல்வதுதான் சரி. என் மாமியார் ஊர் விதையை இங்கே போட்டேன், கசந்தது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டீர்கள்? காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் எந்தக் கத்திரியும் கசக்கும். போன வருஷம் ஒரே காயின் விதையை இரண்டு பையில் வைத்தேன். ஒன்றுக்கு மழைத்தண்ணீர், இன்னொன்றுக்குப் போர் தண்ணீர். மழைத்தண்ணீர்ப் பையில் காம்பு முள் கையைக் கீறியது, காயை அறுத்தால் விதை பிஞ்சாக இருந்தது. போர் தண்ணீர்ப் பையில் தோல் தடித்து, பாதிக் காய் பழுப்பு விதையாகிவிட்டது. மண் இரண்டிலும் ஒன்றுதான்.

அணைக்கட்டு: அதையேதான் நானும் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அப்படி!

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை அண்ணே.

சேண்பாக்கம்: கத்திரி நுனி வாடித் தொங்குது.

தண்டுத் துளைப்பான். நுனியை இரண்டு அங்குலம் கிள்ளிப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்பில் புழு இருக்கும். கிள்ளியதைக் கீழே போடாமல் எரித்துவிடுங்கள். தினமும் காலையில் இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. பூக்கும் சமயத்தில் ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிடுங்கள்.

தோட்டப்பாளையம்: தக்காளியில் பூ உதிருது, என்ன மருந்து?

பாகாயத்துக்கு எழுதியிருக்கிறேன்.

வாலாஜா: இலை ஓரம் கருகுது.

தண்ணீர். காட்பாடிக்கு எழுதியதைப் படியுங்கள்.

பள்ளிகொண்டா: தென்னையில் வெள்ளை ஈ. இலையெல்லாம் கறுப்பாகப் படிந்திருக்கு.

மாடித்தோட்டக்காரனிடம் கேட்கிற விஷயமில்லை இது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். ஒரு மட்டையை வெட்டி நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சத்துவாச்சாரி: சார், பூ உதிருது...

வெயில், தம்பி. ஆடி வரைக்கும் பொறுங்கள்.

அணைக்கட்டு: விதை எடுப்பதாவது சரியாகச் செய்கிறீர்களா?

செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விடுகிறேன். பிசைந்து தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை மட்டும் நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டி வைக்கிறேன். பக்கத்தில் வேறு ரகக் கத்திரி இருந்தால் கலந்துவிடும் என்று, விதைக்கு விடும் பூவை மொட்டிலேயே வேட்டித் துணிப் பையால் கட்டிவிடுவேன். இருபது பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று உங்கள் கழனி மண் ஒரு மூட்டையும் கிணற்றுத் தண்ணீர் இரண்டு கேனும் கொண்டு வாங்க அண்ணே. என் பைக்குப் பக்கத்திலேயே உங்கள் பையையும் வைக்கலாம். கார்த்திகையில் இரண்டையும் எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்துச் சாப்பிட்டுப் பார்ப்போம்.