பக்கத்தில் அடுக்குமாடி வந்தபின் காற்றுக்கு வீடு தாங்குமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் மூன்று மாடி கான்கிரீட் வீட்டுக்குப் பின்னால் புதிதாகப் பதினான்கு மாடிக் குடியிருப்பு வந்திருக்கிறது. அது வந்ததிலிருந்து, காற்று பலமாக வீசினால் மொட்டை மாடியில் போட்ட ஷீட் கூரை தடதடக்கிறது. வந்து பார்த்த ஒருவர், தூண்களுக்கு ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றிக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுத் தடிமனாக்குவது) செய்யாவிட்டால் வீடு தாங்காது, செய்தால் உறுதிச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?"

தூணில் கை வைக்க வேண்டாம். உங்கள் பிரச்சினை ஷீட்டில் இருக்கிறது, அதை உடனே பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 47 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் அதே ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை இருக்கும். அதைக் காற்று தூக்காது. இரும்பு ஷீட்டின் எடையோ ஐந்து கிலோ அளவுதான். அதைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடையல்ல, ஸ்க்ரூக்கள். இன்னொன்று, காற்றின் வேகம் 100-லிருந்து 140 ஆனால் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். "போன வருஷக் காற்றுக்கே ஒன்றும் ஆகவில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது இதனால்தான் ஆபத்து.

பின்னால் நிற்கும் கட்டடம் என்ன செய்கிறது? உயரத்தில் வரும் வேகமான காற்று அதன் சுவரில் மோதி, ஒரு பங்கு கீழே இறங்குகிறது. ஓரங்களைச் சுற்றும்போது வேகம் கூடுகிறது. எதிர்த் திசையிலிருந்து வீசினால், உங்கள் வீடு அதன் மறைவில் சுழலும் காற்றில் மாட்டுகிறது. 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் மின் நிலையத்தில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று சரிந்தன. முன்வரிசைக் கோபுரங்கள் கலைத்துவிட்ட காற்றுக்குப் பலியானவை பின்வரிசைக் கோபுரங்கள். அவை மெல்லிய கூடுகள், உங்கள் வீடு அந்த ரகம் இல்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்பது காற்றை மாற்றும் என்பது அறுபது வருடமாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டடத்துக்கு அனுமதி தரும்போது உயரம் கேட்கிறார்கள், இடைவெளி கேட்கிறார்கள், வண்டி நிறுத்துமிடம் கேட்கிறார்கள். இது எழுந்தால் பக்கத்து வீட்டுக் கூரைக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கட்டடத்தின் சிறிய மாதிரி மேல் காற்றைச் செலுத்திப் பார்க்கும் காற்றுக்குகைச் சோதனை நடந்தால்கூட, பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் ஆட்டத்துக்கும் கண்ணாடிக்கும்தான். எரிச்சலாக இருக்கிறது.

சரி, உங்கள் ஷீட். தடதடப்பு வெறும் சத்தம் இல்லை. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் உடைவதுபோல, ஸ்க்ரூ துளையைச் சுற்றி ஷீட் விரிசல் விடும். 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினை டிரேசி புயல் தாக்கியபோது ஏராளமான கூரைகள் இப்படித்தான் போயின. ஸ்க்ரூ கூரையைத் தாங்கும் சட்டத்திலேயே நின்றது, ஷீட் அதைவிட்டுக் கிழிந்து பறந்தது. ஆகவே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். துளை நீண்டிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, அந்த ஷீட்டையே மாற்ற வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும் காற்றின் இழுப்பு நடுப்பகுதியைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும். அங்கே ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். அப்புறம் கூரையைத் தாங்கும் கால்களைப் பாருங்கள். காலின் அடித்தகட்டைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் போயிருக்கிறதா, மேல்பூச்சோடு நின்றுவிட்டதா? கூலிக்கு வேகமாக முடிப்பவர்கள் ஏமாற்றும் இடம் இதுதான். ஷீட் கெட்டியாகி கால் தளர்ந்திருந்தால் மொத்தக் கூரையும் ஒரே துண்டாகக் கிளம்பும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன கணக்கு போதாது. கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் சுவர் இருக்கிறதா, ஒரு பக்கம் திறந்திருக்கிறதா? மூன்று பக்கம் சுவர் வைத்து, ஒரு பக்கத்தைத் துணி காயப்போட வசதியாகத் திறந்துவிடுவது நிறைய பேர் செய்வது. அந்தத் திறந்த பக்கத்தை நோக்கிக் காற்று வீசினால் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தள்ளும். அதே நேரத்தில் மேலே ஓடும் காற்று மேலிருந்து இழுக்கும். இரண்டும் ஒரே திசை, இரண்டும் கூடும். கதவு வைத்திருந்தாலும் புயல் நடுவில் அது உடைந்தால் இதே நிலைதான். "ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிவிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். காற்று வரும் பக்கம் மூடியே இருக்கட்டும். உங்கள் கொட்டகை ஒரு பக்கம் திறந்ததாக இருந்தால், ஸ்க்ரூ, சட்டம், கால் எல்லாவற்றையும் இந்தக் கூடுதல் தள்ளலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அமைக்க வேண்டும். அல்லது அந்தப் பக்கத்தை அடைத்துவிடுங்கள், அல்லது எதிர்ச்சுவரையும் எடுத்துவிடுங்கள்.

இனி அந்தச் சான்றிதழ்க்காரர். நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜாக்கெட்டிங் தேவைப்படுவது பெரும்பாலும் கம்பி துருப்பிடித்தோ, மாடி ஏற்றியோ தூண் பலம் குறைந்தால்தான். இவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டீர்கள், எந்தத் தூண், அதில் எவ்வளவு கூடுதல் பளு? எழுத்தில் தரமுடியாதவர் தரும் சான்றிதழ் வெறும் தாள். ஒப்பந்த வேலை எடுக்காத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, மாடிக்கு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்படம் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வேண்டாம். பொறியாளர் வரும்போது கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டுங்கள்.

ஷீட் மேல் பறக்காமலிருக்கக் கல்லோ மணல் மூட்டையோ வைத்திருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். கூரை கிளம்பும்போது அந்தக் கல் தெருவில் போகிறவர் தலையில் விழும்.