"அரிய தட்டு" என்றால் அவசரப்படாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (உப்புவெளி): அக்கா, அமெரிக்கப் பாடகி கரோல் கிங்கின் 'டாபெஸ்ட்ரி' எல்பி இசைத்தட்டை முகநூலில் பார்த்து 12,000 ரூபாவுக்கு எடுத்தேன். "அரிய தட்டு, கீறலே இல்லை" என்று எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டில் ஊசி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இப்போது போன் எடுக்கிறாரில்லை.

பதில்: தம்பி, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. கீறல் இல்லையென்று எழுதி விற்றவர்தான் அதற்குப் பொறுப்பு. அவர் எழுதியதையும் காசு போட்ட சிட்டையையும் படமெடுத்து வையுங்கள், பாட்டு சிக்குகிற இடத்தை வீடியோ எடுங்கள், பிறகு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் பேசுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாளைக்கு எடுப்பார், நாளன்றைக்கு எடுப்பார் என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி (உவர்மலை): அதே அல்பத்துக்கு ஒரு கடையில் 20,000 சொல்கிறார்கள். மேலே 'கிரமி விருது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இவ்வளவு பேர் கொண்டாடிய அல்பம், விலை நியாயம்தானே?

பதில்: நியாயமில்லை. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், இதே பேச்சை நம்பி நானும் காசு விட்டிருக்கிறேன்.

1971 பெப்ரவரியில் வந்த அல்பம் இது. அதற்கு முந்திய பத்து வருடமும் கரோல் கிங் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். 1967இல் அரேதா ஃபிராங்க்ளின் பாடிப் பேர்பெற்ற பாட்டொன்றை இதில் அவரே பியானோவோடு பாடுகிறார். அரேதாவின் குரல் கூரையைத் தூக்கும், இவருடையதோ பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் இருந்து மனம்விட்டுக் கதைப்பது போல. சனத்துக்கு அதுதான் பிடித்தது. அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் முதலிடம், 1972இல் ஆண்டின் சிறந்த அல்பம் உட்பட நான்கு கிரமி. அந்த நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. சரி, ஒரு கோடி பேர் வாங்கிய சாமான் எப்படி அரிய சாமானாகும்? விருது பாட்டுக்குக் கிடைத்தது. நீங்கள் காசு கொடுப்பது உங்கள் கையிலிருக்கிற அந்த ஒரு தட்டுக்கு, அதில் கீறல் இருந்தால் எந்த ஸ்டிக்கரும் அதை ஆற்றாது.

சில வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் இதே அல்பத்தைக் கண்டேன். ஜன்னலோரம் வெறுங்காலோடு கரோல் கிங் இருக்க, முன்னால் பூனை இருக்கிற அந்த உறை. பார்த்த சந்தோஷத்தில் உள்ளே என்ன இருக்கிறதென்று இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. இரவு பஸ்ஸில் திருகோணமலை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, விடியப் பிரித்தால் யாரோ பாடிய நத்தார் பாட்டுத் தட்டு. பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கவில்லை. "நாங்கள் சரியாகத்தான் தந்தோம்" என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் தட்டை வெளியே எடுத்து நடு லேபிளை வாசியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை மாதிரிக் கோடு பெரும்பாலும் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படுகிற கீறல் ஊசியையும் தட்டும். போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டோம் என்றால் 2,000க்குக்கூட வாங்காதீர்கள்.

கேள்வி (மட்டிக்களி): என் 'டாபெஸ்ட்ரி' சீடியில் 14 பாட்டு, மாமாவின் எல்பியில் 12தான். மாமாவை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அல்பமே 12 பாட்டுத்தான். 1999 சீடிப் பதிப்பில் இரண்டைச் சேர்த்தார்கள்.

கேள்வி (நிலாவெளி): புது எல்பியைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனோம். வந்து பார்த்தால் வளைந்துவிட்டது. கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: முடியாது. மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தது நீங்கள், கடைக்காரர் அல்ல. இந்த வருடம் இதே கேள்வி மூன்றாவது தடவை வருகிறது.

கேள்வி (பாலையூற்று): எல்லாரும் புகழ்கிறார்களே என்று 'டாபெஸ்ட்ரி' வாங்கினேன், பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வாங்கும் முன் ஒருக்கால் போட்டுக் கேட்டிருக்கலாமே, முழு அல்பமும் 44 நிமிடம்தான்.

கேள்வி (திருக்கடலூர்): துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவின் கசெற் ஒன்று, அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் முதல் அல்பத்தை அவரே பதிந்தது. வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சீடியில் பதிந்து தர 6,000 கேட்கிறார்கள். கடைசியில் கொஞ்ச நேரம் அப்பா எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இருக்கிறது.

பதில்: மகள், பாட்டுக்காக என்றால் கொடுக்காதீர்கள், அந்த அல்பம் ஒன்லைனில் முழுதாகக் கிடைக்கிறது. உறையை ஒருக்கால் பாருங்கள். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பில் விதர்ஸ் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார், வேலைத்தலத்தில் மதிய இடைவேளையில் எடுத்த படம் அது. உங்கள் அப்பாவுக்கு ஏன் பிடித்ததென்று விளங்கும்.

அப்பாவின் குரலுக்காக என்றால் 6,000 கொடுங்கள். வீட்டில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், பூஞ்சணம் பிளேயரில் நாடா உரசுகிற ஹெட்டில் ஒட்டி மற்றக் கசெற்றுக்கும் போகும். நாடாவைச் சுத்தம் செய்த பிறகுதான் ஓடவிடுவீர்களா என்று முதலில் கேளுங்கள். பாதிக் காசை மட்டும் முன்பணமாகக் கொடுத்து, கசெற் ஒப்படைத்ததாகப் பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள். மீதியை அந்தக் குரலைக் கடையிலேயே கேட்ட பிறகு கொடுங்கள்.