மண்ணில் உள்ள ஈயமும் காட்மியமும் செடிக்குள் எங்கே போகின்றன? – கேள்வி பதில்

போன வாரம் நம் மாடித்தோட்டக் குழுவில் ஒரு பெரணியின் படம் போட்டிருந்தேன். புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் பக்கம் ஒரு பழைய செங்கல் சுவரில் முளைத்திருந்தது. "மண்ணில் ஆர்சனிக் இருந்தால் இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும் செடி" என்று கூடவே ஒரு வரி எழுதினேன். (ஆர்சனிக் என்பது ஒரு விஷப்பொருள்.) அன்றிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உலோகம் கலந்த மண்ணில் வளரும் செடிகளோடு பல வருஷம் கழித்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பு பற்றிய கேள்விகளுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை: எங்கள் வீட்டுச் சுவரிலும் அதே பெரணி இருக்கிறது டீச்சர். குழந்தை தொட்டு விளையாடுகிறாள். பிடுங்கிவிடவா?

முதலில் அது அதே பெரணிதானா என்று பாருங்கள் அம்மா. நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நாடா மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கும். கீழே வர வர அவை சிறுத்துப்போகும், நுனியில் இருப்பது மட்டும் தனியாக நீண்டு நிற்கும். ஒரு சிற்றிலையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு நெடுக பழுப்பு நிறத்தில் கோடு இழுத்தது போல வித்துத்தூள் இருக்கும். சுண்ணாம்புக் காரை என்றால் இதற்கு உயிர். அதனால்தான் நம் ஊர்ப் பழைய சுவர்களிலும் கிணற்று உறைகளிலும் வருகிறது.

பிடுங்க வேண்டாம், பயமும் வேண்டாம். செடி ஆர்சனிக்கை உண்டாக்குவதில்லை. வேர் நிற்கும் இடத்தில் இருந்தால்தான் இலைக்கு வரும். உங்கள் சுவர்க் காரையில் அது அதிகம் இருக்க வாய்ப்பில்லை.

இதன் குணம் உலகத்துக்குத் தெரிந்தது 2001இல். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மரத்துக்குக் கரையான் மருந்து ஏற்றும் வேலை நடந்த ஓர் இடத்தில் மண்ணெல்லாம் ஆர்சனிக். அங்கே இந்தப் பெரணி மட்டும் தளதளவென்று நின்றது. ஆய்வகத்தில் ஆர்சனிக் கலந்த மண்ணில் ஆறு வாரம் வளர்த்தபோது, உலர்ந்த இலையில் கிலோவுக்கு 22 கிராமுக்கு மேல் சேர்ந்திருந்தது. சாதாரணச் செடி இதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கே திணறும்.

வில்லியனூர்: அவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டு அது ஏன் சாவதில்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆர்சனிக்குக்கென்று வேரில் தனி வாசல் கிடையாது. மண்ணில் அது இருக்கும் ஒரு வடிவம் பாஸ்பேட்டைப் போலவே இருக்கும். அதனால் பாஸ்பேட் நுழையும் வழியிலேயே உள்ளே வந்துவிடும். காட்மியம் என்ற நச்சு உலோகமும் அப்படித்தான், துத்தநாகமும் இரும்பும் நுழையும் வழியில் வரும். செடிக்கு உணவு வேண்டும், வாசலை மூட முடியாது. ஆக உள்ளே வந்ததை என்ன செய்வது என்பதில்தான் செடிக்குச் செடி வித்தியாசம்.

பெரும்பாலான செடிகள் வேரிலேயே பிடித்து அடைத்துவைத்து, இலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். உலோகத்தைச் சேர்க்கும் செடிகள் இதற்கு நேர்மாறு. வேரில் தங்கவிடாமல் மேலே ஏற்றிவிடும். ஏற்றும் வழியில் அது சும்மா அலையக் கூடாது, அலைந்தால் நொதிகளைக் கெடுக்கும். அதனால் சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், ஹிஸ்டிடின் போன்ற, செடியிலேயே உள்ள பொருள்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இலைக்கு வந்ததும் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பைக்குள் தள்ளிப் பூட்டிவிடும். ஒளிச்சேர்க்கை நடக்கும் இடத்துக்கும் இந்தப் பைக்கும் நடுவே சவ்வு இருக்கிறது. நம் பெரணி ஆர்சனிக்கைப் பூட்டுவதும் அந்தப் பைக்குள்தான்.

இதற்குப் புதிதாக ஒரு கருவியும் தேவைப்படவில்லை என்பதுதான் என்னை இன்றும் பிரமிக்க வைக்கிறது. ஐரோப்பாவில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்று துத்தநாகத்தையும் காட்மியத்தையும் சேர்க்கும். அதன் மரபணுவைப் பார்த்தார்கள். உலோகத்தை வேரிலிருந்து மேலே ஏற்றும் பம்பு ஒன்றுக்கு, அதன் நெருங்கிய சொந்தக்காரச் செடியில் ஒரு பிரதி இருக்க, இதில் மூன்று பிரதிகள் இருந்தன. 2008இல் வெளிவந்த சேதி. அதே பம்புதான், எண்ணிக்கை கூடியிருக்கிறது.

இன்னொன்று. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம். இலுப்பை, சப்போட்டாவின் குடும்பம். சப்போட்டாக் காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும் அல்லவா, அந்த மரத்தின் பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வரும். உலர்த்தி எடை போட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிக்கல். 1976இல் எழுதினார்கள். நம் கீழாநெல்லியின் பேரினத்திலேயே மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு நிக்கல் செடி இருக்கிறது. (உடனே நம் கீழாநெல்லியைச் சந்தேகப்படாதீர்கள். அது வேறு இனம், இது வேறு.)

செடிக்கு இதனால் என்ன லாபம் என்றால், இலையைத் தின்ன வரும் புழுவுக்கு அந்த உலோகம் ஆகாது. பல செடிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நெல்லிக்குப்பம்: எந்தச் செடி நட்டால் என் ஒரு ஏக்கர் மண் சுத்தமாகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம் ஐயா. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டும் ஏறக்குறைய 900 டன். அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் இருக்கிறது, 2க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடுக்க வேண்டியது 2,700 கிராம். கடுகு போட்டு, காய்ந்த எடை 2 டன் அறுத்து, அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஏறியிருந்தால் ஒரு போகத்தில் வெளியே போவது 40 கிராம். 67 போகத்துக்கு மேல் ஆகும். அதுவும் மண்ணில் குறையக் குறைய ஏறுவதும் குறையும். மிக நன்றாகச் சேர்க்கும் ஐரோப்பியச் செடியோ சாண் உயரம், குளிர்நாட்டுச் செடி, நம் வெயிலுக்குத் தாங்காது.

அறுத்ததை எங்கே கொட்டுவீர்கள்? உலோகம் மட்காது. மாட்டுக்குப் போட்டால் மாட்டுக்குப் போகும், எரித்தால் சாம்பலுக்குப் போகும். செடி அதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். இதை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் உங்கள் மண்ணில் காட்மியம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

பண்ருட்டி: பலாவில் பிஞ்சு கொட்டுகிறது. உலோகம் காரணமா?

இருக்காது. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். பலாவில் ரகமே வெளியிட்டவர்கள்.

லாஸ்பேட்டை: சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகுமா?

செர்னோபில் பக்கம் குளத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வேரால் கதிரியக்க சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் பிடித்தார்கள். அது தண்ணீர். மண்ணுக்கு மேலே நெல்லிக்குப்பத்துக்காரருக்குச் சொன்ன கணக்குதான்.

கடலூர் முதுநகர்: வாய்க்கால் ஆகாயத்தாமரையை அள்ளி உரம் போடலாமா அக்கா?

சாக்கடையோ ஆலைக் கழிவுநீரோ கலக்கும் வாய்க்கால் என்றால் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். தண்ணீரில் இருக்கும் உலோகம் அதன் வேரில்தான் அதிகம் சேரும். அந்தக் கருஞ்சடை வேர் உரக்குழியில் மட்கினாலும் உலோகம் மட்காது. அப்புறம் அது உங்கள் பாத்தியில் இருக்கும். ஏரித் தண்ணீர் சுத்தம் என்று தெரிந்தால் போடலாம்.

மஞ்சக்குப்பம்: வெட்டிவேர் உலோகத்தை இழுக்கும் என்கிறார்கள். கோடை வந்தால் நாங்கள் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் முடிச்சு போட்டுத்தான் குடிப்போம். குடிக்கலாமா?

வெட்டிவேர் நான் மேலே சொன்ன சேர்க்கும் கூட்டத்தில் இல்லை. அது தாங்கும் செடி. ஆர்சனிக், காட்மியம், குரோமியம் எது மண்ணில் இருந்தாலும் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவிடும். துத்தநாகம் மட்டும் இலைக்கும் தாராளமாகப் போகும். மண் அரிக்கும் கரையிலும் சுரங்கக் கழிவு மேட்டிலும் அதை நடுவது இதனால்தான். ஆனால் நாம் பானையில் போடுவதும் வேரைத்தான். ஆகவே வேர் எந்த மண்ணில் வளர்ந்தது என்று தெரிந்து வாங்குங்கள். சுத்தமான மண் என்று தெரிந்தால் தாராளமாகக் குடியுங்கள்.

நொச்சிக்காடு (மேலே உள்ள பதிலுக்கு): டீச்சர், நான் கடற்கரை மணலில் வெட்டிவேர் போடுகிறவன். நீங்க இப்படி எழுதினா வியாபாரி நாளைக்கே விலையைக் குறைப்பான். எங்க வேரை விஷம்னு சொல்றீங்களா?

இல்லை தம்பி. உங்கள் மணலில் வளர்ந்த வேரைப் பற்றி ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் வேருக்காகத்தான் பேசுகிறேன். செடியின் குணம் வேறு, மண்ணில் இருப்பது வேறு. சுத்தமான மணலில் வளர்ந்த வெட்டிவேரில் வாசனை மட்டும்தான் இருக்கும்.

ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒன்றைப் பார்த்தேன். பல வருஷம் முன்பு ஓர் ஆலைக் கழிவு மேட்டில் வெட்டிவேர் நட்டு நன்றாக வளர்த்தார்கள். திட்டம் முடிந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அடுத்த முறை நான் போனபோது மேடு கொத்திப்போட்டுக் கிடந்தது. பக்கத்துக் கொட்டகை மேல் வேரை முடிச்சு முடிச்சாகக் காயவைத்திருந்தார்கள். ஒரு முடிச்சைக் கையில் எடுத்தேன். சல்லிவேர்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது, விரலால் நெருடினால் மாவு போல உதிர்ந்தது. மோந்து பார்த்தால் அதே நல்ல வாசனை. நாட்டுமருந்துக் கடைக்குப் போகிறது என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த பதற்றம் இன்னும் போகவில்லை. அந்த வேரும் உங்கள் வேரும் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

ரெட்டியார்பாளையம்: வேரில் இருப்பது தண்ணீரில் இறங்குமா? வேரில்தான் பூட்டிவிடுகிறதே.

நல்ல கேள்வி. செல் சுவரில் ஒட்டியது வெறும் தண்ணீருக்கு அவ்வளவு சுலபமாக இறங்காது. எலுமிச்சைச் சாறு பிழிந்து வைத்தால் கூடுதலாக இறங்கும். ஆனால் வேரோடு ஒட்டிவரும் மண்துகள் நேராகப் பானைக்குள் போகும். எந்த வேரானாலும் நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, துணியில் முடிந்து போடுங்கள்.

நொச்சிக்காடு: எண்ணெய்க்கும் கொடுக்கிறோம். அதுல வருமா?

ஆவியில் வடிக்கும்போது மேலே வருவது வாசனை எண்ணெய். காட்மியமும் ஈயமும் ஆவியாகாது, வடித்த சக்கையிலேயே நிற்கும். உங்கள் சக்கைக்குக் கவலையில்லை. கழிவு மேட்டு வேர் என்றால் அந்தச் சக்கையும் கழிவுதான்.

திருப்பாதிரிப்புலியூர்: அப்படியானால் கழிவு மேட்டில் வெட்டிவேர் நடுவதே தப்பா?

நடுவது சரி, பிடுங்குவது தப்பு. அங்கே அதன் வேலை மண்ணைப் பிடித்துக்கொண்டு, காற்றிலும் மழைநீரிலும் உலோகம் போகாமல் நிறுத்துவது. அது அங்கேயே இருக்க வேண்டும். வேலி போட்டு, பலகை வைத்து, பக்கத்து ஊர்க்காரர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அரியாங்குப்பம்: கடுகு நட்டால் ஈயம் போகுமா?

போகாது. ஈயம் மண்ணில் ஒட்டிக்கிடக்கும், செடிக்குள் மிகக் கொஞ்சம்தான் ஏறும். உலோகத்தைக் கரைத்துவிடும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை ஊற்றினால் ஏறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈயம் கரைந்து கீழே இறங்கும். நம் கடற்கரை மணலில் நிலத்தடி நீர் பக்கத்திலேயே இருக்கிறது.

புதுச்சேரி கடற்கரைப் பக்கம்: பழைய வீடு. பெயின்ட் உதிரும் சுவரடியில் அரைக்கீரை போட்டிருக்கிறேன்.

உடனே இடம் மாற்றுங்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. கீரைக்குள் ஏறுவதைவிட, இலையில் ஒட்டும் தூசிதான் ஆபத்து, குழந்தைகள் இருந்தால் இன்னும். தொட்டியில் வெளி மண் போட்டு, சுவரிலிருந்து தள்ளி வளருங்கள். முருங்கை, கத்தரி, வெண்டை மாதிரி காய்க்கும் செடிகளுக்கு இந்தக் கவலை குறைவு. கிழங்கு என்றால் தோல் சீவுங்கள்.

சிதம்பரம்: நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்தால் ஆர்சனிக் குறையும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் ஆர்சனிக் வடிவம் மாறி, நெல் மணல்சத்தை, அதாவது சிலிக்காவை உறிஞ்சும் வழியில் உள்ளே வரும். வயலைக் காயவிட்டால் அது குறையும். ஆனால் காயும்போது காட்மியம் அதிகம் ஏறும். இரண்டும் எதிரெதிர். மண்ணில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றைச் சொல்ல மாட்டேன். வீட்டில் சோற்றை நிறையத் தண்ணீரில் வடித்துச் சாப்பிட்டால் ஆர்சனிக் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும்.

பாகூர்: எந்தச் செடி நட்டால் மண் சுத்தமாகும்?

மேலே படியுங்கள்.

நெய்வேலி: எந்தச் செடி நட்டால்...

அதே பதில்தான். மண்ணைச் சோதிக்காமல் செடியைக் கேட்காதீர்கள்.

நொச்சிக்காடு: சரி டீச்சர். எங்க வேர் சுத்தம்னு நானே காட்டணும். மண்ணை எப்படி எடுக்கிறது?

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒன்று கவனியுங்கள். அரசு மண்வள அட்டையில் 12 விவரம் வரும்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பு அளவு, அங்ககக் கரிமம். ஈயம், காட்மியம், ஆர்சனிக் அதில் வராது. ஆய்வகத்தில் இந்த மூன்றின் பெயரையும் எழுதிக்கொடுத்துத் தனியாகக் கேட்க வேண்டும்.

வயலில் கோணல்மாணலாக நடந்து 15 இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்துக்கு எடுங்கள். துத்தநாகம் பூசிய தகரக் கரண்டி, வாளி வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்துங்கள். அதே வயலில் எடுத்த வேர் கால் கிலோவை நன்றாக அலசிக் காயவைத்துத் தனிப் பையில் போடுங்கள். இரண்டு பையிலும் தேதியும் வயலின் பெயரும் எழுதுங்கள். முடிவு வந்ததும் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.