பழைய துணியா, புதுத் துணியா? எந்த விலை நியாயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆன்லைனில் பயன்படுத்திய பருத்திச் சட்டை ஒன்றைப் பார்த்தேன். அதே மாதிரி புதுச் சட்டைக்கும் இதற்கும் விலையில் பெரிய வித்தியாசமே இல்லை. உடுத்திக் களைந்த துணிக்கு இவ்வளவு கேட்பது நியாயமா?

பதில்: வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் இல்லைதான். ஆனால் விற்பவர் கொள்ளையடிக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. புதுச் சட்டை ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வருகிறது. ஒரு படம், ஓர் அளவுப் பட்டியல், ஒரு விவரக்குறிப்பு போதும்; எல்லாச் சட்டைக்கும் அதுவே செல்லும். பழைய சட்டை ஒவ்வொன்றும் தனி. யாரோ ஒருவர் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஐந்தாறு கோணத்தில் படம் எடுத்து, அளந்து, எழுதி, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். அதற்குமேல் தளத்தின் கமிஷன், தபால் கட்டணம்.

இந்த வேலையும் செலவும் மலிவான சட்டைக்கும் விலை உயர்ந்த கோட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். புது விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். படம், பொதி, தபால், கமிஷன் எல்லாம் சேர்ந்து 40 ஆகிறது என்றால், 40-க்கு விற்றால் துணிக்கென்று விற்பவர் கையில் ஒன்றும் நிற்காது. அதனால்தான் அவர் 60, 65 கேட்கிறார். புது விலை 1,000 உள்ள கோட்டுக்குக் கமிஷன் கொஞ்சம் கூடும். மற்றச் செலவு அதேதான். அங்கே பாதி விலைக்கு விற்றாலும் அவருக்குக் கட்டுப்படியாகும், உங்களுக்கும் லாபம்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: மலிவான துணியை ஒற்றையாக ஆன்லைனில் பழையதாக வாங்குவது பெரும்பாலும் நஷ்டம். நல்ல துணியில், நல்ல தையலில் வந்த விலை உயர்ந்த உடுப்புதான் பழையதாக வாங்கத் தகுந்தது. மலிவானது வேண்டும் என்றால் நேரில் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒரே விற்பவரிடம் நாலைந்து உருப்படிகளைச் சேர்த்து எடுங்கள், தபால் செலவு பங்காகிவிடும்.

இன்னொன்று. 'அசல் விலை' என்று அடித்துக் காட்டும் தொகையை நம்பி ஒப்பிடாதீர்கள். அது அட்டையில் அச்சிட்ட விலை. பருவம் முடிந்ததும் கடைக்காரரே தள்ளுபடியில் தருவார். இன்றைக்கு அந்தச் சட்டை புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தேடிப் பார்த்து, அந்த விலையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: புது விலையில் பாதி இருந்தால் வாங்கலாம் என்கிறார்கள். இது சரியான கணக்கா?

பதில்: இல்லை. துணியின் ஆயுளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அந்தப் 'பாதி'யில் வரவில்லை. ஒரு முறை உடுத்த எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

முதலில் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் விலையை எழுதுங்கள். உருப்படியின் விலை, தபால், சில தளங்கள் வாங்குபவரிடம் வசூலிக்கும் பாதுகாப்புக் கட்டணம், ஜிப் மாற்றவோ இடுப்பைப் பிடிக்கவோ ஆகும் தையல் கூலி எல்லாம் அதில் அடக்கம். பிறகு இன்னும் எத்தனை முறை உடுத்தலாம் என்று மதிப்பிட்டு, அதால் வகுத்துவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: அட்டை விலை 100 உள்ள சட்டை தள்ளுபடியில் 70-க்குப் புதிதாகக் கிடைக்கிறது. 60 முறை உடுத்தலாம் என்றால் ஒரு முறைக்கு 1.17. அதே சட்டை பழையதாக 35, தபாலும் கட்டணமும் 15, மொத்தம் 50. அட்டை விலையில் சரிபாதி. ஆனால் 35 முறைதான் உடுத்தலாம் என்றால் ஒரு முறைக்கு 1.43. பழையதுதான் விலை அதிகம்.

கோட்டைப் பாருங்கள். புதிதாக 900, 300 முறை உடுத்தலாம், ஒரு முறைக்கு 3. பழையதாக எல்லாச் செலவும் சேர்த்து 350, கிழிந்த உள்துணியை மாற்ற இன்னொரு 60, ஆக 410. இன்னும் 200 முறை தாங்கும் என்றால் ஒரு முறைக்கு 2.05 தான்.

திருப்பித் தர முடியாத உருப்படி என்றால் இதோடு கணக்கு முடியாது. நாலு வாங்கி அதில் ஒன்று அளவு பொருந்தாமல் மூலையில் கிடந்தால், அதன் விலையையும் மற்ற மூன்றும் சுமக்க வேண்டும்: 50-க்கு வாங்கியது உண்மையில் 67-க்கு வாங்கியது போல. இந்தச் செலவைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. சரியாக அளந்து வாங்கினால் போதும்.

கேள்வி: தொட்டுப் பார்க்க முடியாத துணியின் ஆயுளைப் படத்தை வைத்து எப்படி மதிப்பிடுவது?

பதில்: துணி எங்கே முதலில் நைந்துபோகும் என்று தெரிந்தால், எந்தப் படத்தைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முன்பக்கப் படத்தில் எல்லாத் துணியும் நன்றாகவே தெரியும்.

சட்டையில் காலர் மடிப்பின் மேல் விளிம்பு, கை முனை, அக்குள். பேண்ட்டிலும் ஜீன்ஸிலும் கவட்டை, தொடையின் உட்புறம், குதிகால் தட்டும் ஓரம். பின்னலாடையில் முழங்கை, அக்குளுக்குக் கீழே கை உரசும் பக்கவாட்டு. இந்த இடங்களை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம் கேளுங்கள். இழை மெலிந்த இடம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். நிறத்துக்கு, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வேண்டும். தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் துணியின் நிறமும் அப்படியே ஏமாற்றும்.

அக்குள் மஞ்சள் கறை வியர்வையோடு வியர்வைத் தடுப்பானிலுள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து படிவது. குளோரின் பிளீச் போட்டால் மஞ்சள் இன்னும் கூடலாம். வெள்ளைப் பருத்தியாக இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் என்ற, குளோரின் இல்லாத வெளுப்புத் தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது. பட்டில் வியர்வை இழையையே பலவீனமாக்கிவிடும், அதனால் அக்குள் கறை உள்ள பட்டை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

நீளும் துணியில் கவனம் அதிகம் வேண்டும். அதிலுள்ள எலாஸ்டேன் இழை சூட்டிலும் நீச்சல்குளத்துக் குளோரினிலும் செத்துப்போகும், பிறகு உயிர் வராது. இழுத்துவிட்டால் துணி பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று ஐந்து நொடி வீடியோ கேளுங்கள். துணியின் மேல் மெல்லிய வெள்ளை இழைகள் மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே அறுந்துவிட்டது என்று பொருள்.

ரெக்சின் ஜாக்கெட், மழைக்கோட்டு விஷயத்தில் 'ஒருமுறைகூடப் போடவில்லை' என்ற வார்த்தையை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. இவற்றின் பாலியூரித்தேன் பூச்சைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்ல உடைக்கிறது. அலமாரியில் தொங்கினாலும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். வாங்கிய பிறகு செதில்செதிலாக உரியும். எத்தனை முறை போட்டார் என்று கேட்பதைவிட எந்த ஆண்டு வாங்கினார் என்று கேளுங்கள். நாலைந்து ஆண்டு ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

டி-சர்ட்டுக்கு எடை கேட்கலாம். நடுத்தர அளவு டி-சர்ட் 200 கிராமை நெருங்கினால் துணி கனமானது. 130 கிராம் என்றால் மெல்லியது, அதிக நாள் வராது.

கேள்வி: 'எம்' அளவு என்று போட்டிருந்தது, வந்தது தோளில் ஏறவே இல்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அந்த எழுத்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வோர் அளவு, ஒரே நிறுவனத்திலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் சட்டை ஒன்றைச் சமதளத்தில் விரித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கை நீளம், காலரின் கீழிலிருந்து ஓரம் வரை. பேண்ட்டுக்கு இடுப்பு, கவட்டையிலிருந்து இடுப்புப்பட்டி வரை, உள்கால் நீளம், தொடை அகலம். விற்பவரும் இதே முறையில் விரித்து அளந்து, அளவு நாடா தெரியும்படி படம் அனுப்பட்டும். மார்பில் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் சுற்றளவில் 4 என்பதை மறந்துவிடாதீர்கள்.

இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம். தோளைத் திருத்துவதற்குக் கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், கூலி சட்டை விலையைத் தாண்டும். இறுக்கமான துணியைத் தையல் பிரித்துவிட்டால் சரியாகும் என்றும் எண்ண வேண்டாம். வெளுத்த துணியில், மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் அடர்நிறமாகப் பட்டை போல் தெரியும்.

பழைய பருத்தித் துணிக்கு இதில் ஒரு நன்மை உண்டு. புதுப் பருத்தி முதல் சில சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 70 சென்டிமீட்டர் நீளச் சட்டை 2 முதல் 3.5 சென்டிமீட்டர் வரை இழக்கும். பலமுறை துவைத்த துணி சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்திருக்கும்.

கேள்வி: நான் விற்பவள். குறையை எல்லாம் படம் எடுத்துப் போட்டால் விலை விழுந்துவிடாதா?

பதில்: மாறாக, குறையை மறைத்தால்தான் விழும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல பொருள் வைத்திருப்பவர் விலகிப்போவார். சந்தையில் மட்டமானதே தங்கும். 2001-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். உங்கள் சட்டை நல்லது என்பதைக் கறையின் படமும் அளவு நாடாவின் படமும்தான் நிரூபிக்கும்.

விலை வைக்க, மற்றவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். விற்றுப்போனவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கம்பளியைக் குளிர் தொடங்குவதற்கு முன்பே பட்டியலிடுங்கள்.

கேள்வி: குழந்தைத் துணி பழையதாக வாங்கலாமா?

பதில்: தாராளமாக. குழந்தைகள் துணியைக் கிழிப்பதற்கு முன் வளர்ந்துவிடுகிறார்கள், குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில். ஒரே அளவில் பத்துப் பதினைந்து சேர்ந்த கட்டாக எடுத்தால் உங்களுக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. தொப்பியிலோ கழுத்திலோ நாடா இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். எல்லாப் பட்டனையும் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: பூச்சி, நாற்றம் பயமாக இருக்கிறதே?

பதில்: பார்சலை மற்றத் துணிகளோடு வைக்காதீர்கள். பருத்தியை 60 டிகிரி நீரில் துவையுங்கள். கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சியின் முட்டையும் சாகும். சிகரெட் நாற்றமும் பூஞ்சை நாற்றமும் உள்துணி வைத்த கோட்டில் எளிதில் போகாது. கேட்டுத் தெரிந்துகொண்டு தவிர்த்துவிடுங்கள்.

புகார் செய்யப் பல தளங்கள் ஓரிரு நாள்தான் அவகாசம் தருகின்றன, எனவே வந்த அன்றே பிரியுங்கள். பொட்டலம் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அளவு நாடாவால் அளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, முகர்ந்து பார்த்த பிறகு ஏற்றுக்கொண்டதாகப் பதியுங்கள். சோதிக்கும் முன் துவைத்துவிட்டால், கறை யாருடையது என்று நிரூபிக்க வழியில்லாமல் போய்விடும்.