படகுக்கு 20 மடங்கு பைனாகுலர் வேண்டாம்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு மகனுடன் சேர்ந்து சிறிய ஃபைபர் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். பத்து மாவுங்கிலிருந்து புலாவ் கெண்டி பக்கம் தூண்டில் போடப் போகிறோம். சில நாள் திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. இணையத்தில் ‘வாட்டர்புரூஃப்’ என்று போட்டிருந்த 20×50 பைனாகுலரை வாங்கினேன். படகில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மூன்றே மாதத்தில் உள்ளே பனி படர்ந்துவிட்டது. எனக்கு வயது 58, மூக்குக்கண்ணாடி அணிபவன். அடுத்து எதை வாங்கலாம்?
– பாயான் லெப்பாஸ் வாசகர், பினாங்கு

பதில்: ஐயா, உங்கள் கண்ணிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை. 20 மடங்கு பெரிதாக்கும் கருவி, படகின் ஆட்டத்தையும் 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கெட்டித் தரையில் நின்றால்கூட 10 மடங்குக்கு மேல் முக்காலி (டிரைபாட்) தேவைப்படும். அதனால்தான் கடலோடிகள் நெடுங்காலமாக 7×50-ஐக் கையில் வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே வாங்குங்கள்.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். உங்கள் 20×50-இல் அது வெறும் 2.5 மி.மீ.; 7×50-இல் 7 மி.மீ.க்குச் சற்று மேல். ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்மணி இருட்டில்கூட 7 மி.மீ. வரை விரிவது அரிது, பிறகு எதற்கு அவ்வளவு பெரிய வட்டம் என்று கேட்கலாம். படகு ஆடும்போது கண் அப்படி இப்படி விலகினாலும் அந்த அகன்ற வட்டத்துக்குள்ளேயே இருக்கும், படம் கறுத்துப் போகாது. ஊசித் துளை போன்ற 2.5 மி.மீ. வட்டத்தை அலையில் பிடித்து வைக்க யாராலும் முடியாது. 7×50 ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். கழுத்து தாங்காது என்றால் 8×42 பாருங்கள். ஆனால் இருட்டில் திரும்புகிறவருக்கு என் முதல் தேர்வு 7×50தான்.

இனி அந்தப் பனி. என் முதல் பைனாகுலரும் இப்படித்தான் வீணானது. புலாவ் ரிமாவ் அருகே ஒரு விடியற்காலை. சுமத்ரா காற்று மழையோடு வந்து அடித்து ஓய்ந்திருந்தது. கெலோங் (கடலில் நட்ட மீன்பொறி) கம்பங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கக் கண்ணில் வைத்தேன். லென்ஸின் ஓரத்திலிருந்து சாம்பல் வளையம் ஒன்று மெல்ல நடுவை நோக்கி வளர்ந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. அது கண்ணாடிக்கு உட்புறம். நடந்தது இதுதான்: பகல் வெயிலில் சூடான கருவியின் உள்ளே காற்று விரிந்து இடுக்குகள் வழியே வெளியேறும். மழை பட்டுக் கருவி திடீரெனக் குளிரும்போது உள்காற்று சுருங்கி, கடலின் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம்தான் லென்ஸில் பனியாகப் படிகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது காயாது. அடுத்து வருவது பூஞ்சை.

ஆகவே பெட்டியில் ‘வாட்டர்புரூஃப்’ என்ற சொல் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, ஐ.பி.எக்ஸ்.7 என்ற தரக்குறி: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். ஐ.பி.எக்ஸ்.4 தண்ணீர்த் தெறிப்பை மட்டுமே தாங்கும், படகுக்குப் போதாது. இரண்டு, உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி ரப்பர் வளையங்களால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஈரமே இல்லாத வாயு என்பதால் பனி படிய வழியில்லை. ஏர்கண்டிஷன் காரிலிருந்து எடுத்ததும் வெளிப்புறம் மூடுபனி படர்வது வேறு. அது தானாகப் போய்விடும்.

கண்ணாடி அணிபவர் என்பதால், கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்ற அளவு 16 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். கண்குவளை (கண்ணை ஒட்டி வைக்கும் விளிம்பு) முறுக்கி இறக்கக்கூடியதாக இருக்கட்டும். இல்லையென்றால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே தெரியும்.

நடுச்சக்கரம் வைத்து குவியம் மாற்றும் வகையும் உண்டு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக மாற்றும் வகையும் உண்டு. படகுக்குத் தனித்தனி வகையையே சொல்வேன். ஒருமுறை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்துவிட்டால் தூரத்துக் கப்பலும் மிதவையும் எப்போதும் தெளிவாக இருக்கும். நகரும் பாகங்கள் குறைவு என்பதால் தண்ணீர் புகும் வழியும் குறைவு. மகனும் அதே கருவியைப் பார்ப்பார் என்றால் அவருக்கான எண்களைக் குறித்து வையுங்கள். உள்ளே திசைகாட்டி வைத்தவையும் கிடைக்கின்றன. இன்ஜினுக்கு அருகே பிடித்தால் அது தப்பாகக் காட்டும் என்பதை மறக்காமல் வாங்குங்கள்.

ஸ்டைனர், ஃபூஜினான், நிக்கான், புஷ்னெல் எல்லாவற்றிலும் கடலுக்கான 7×50 இருக்கிறது. விலை ஏணிப்படி போல ஏறும். எந்தப் படியில் நிற்பது என்பது உங்கள் பணப்பையின் முடிவு. பெயர் தெரியாத கருவியில் ‘10-30×60’ என்று ஜூம் எழுதியிருந்தாலோ, லென்ஸ் மாணிக்கச் சிவப்பாகப் பளபளத்தாலோ அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

கடைக்கு நேரில் போங்கள். கருவியைக் கண்ணிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி, பின்லென்ஸில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் முப்பட்டகம் பேக்-4 என்ற நல்ல கண்ணாடியால் ஆனது. ஓரம் சாம்பலாக வெட்டுப்பட்டிருந்தால் பிகே-7 என்ற மலிவான கண்ணாடி. பிறகு கடைக்கு வெளியே வந்து கொம்தார் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். விளிம்பு இரட்டையாகத் தெரிந்தாலும், பார்த்துமுடித்ததும் கண் வலித்தாலும் அந்தக் கருவி வேண்டாம்.

வாங்கும்போதே மிதக்கும் பட்டையும் சேர்த்து வாங்குங்கள், ஆரஞ்சு நிறத்தில். அந்தப் பட்டை உங்கள் கருவியின் எடையைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் கருவி கையைவிட்டு நழுவினால் நேராகக் கடலடிக்குத்தான் போகும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மென்மையாக அலசுங்கள். உப்பு காய்ந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கீறிவிடும், முதலில் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியே போதும்.

பனி படிந்த அந்தப் பழைய 20×50-ஐப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் துடைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அது இனி உதவாது. முக்காலியில் பொருத்தினால் வீட்டு மாடியிலிருந்து நிலாவைப் பார்க்க உதவும்.