செவ்வாயில் விண்கலத்தைக் குறி பார்த்து இறக்க என்ன படிக்கணும்?

சூளூர்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் இன்டர் எம்.பி.சி. (கணிதம், இயற்பியல், வேதியியல்; பிளஸ் ஒன் மாதிரி) முதல் வருடம், செவ்வாயில் விண்கலம் இறக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்கொடை கொடுத்தாவது ஏரோஸ்பேஸில் (விமான, விண்வெளிப் பொறியியலில்) சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. அந்தப் பணத்தை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

உங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிவது பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவது. அவள் கேட்கும் வேலை அதற்கப்புறம் மாதக்கணக்கில் நடப்பது. கலத்திலிருந்து வரும் ரேடியோ அலையின் அதிர்வெண் துளி மாறினாலும், அதை வைத்து வேகத்தைக் கணக்கிட்டு வழியைத் திருத்துவார்கள். நம் நாட்டில் அதற்கான பெரிய ஆன்டெனாக்கள் பெங்களூர் பக்கம் பியாலாலுவில் இருக்கின்றன. எந்த அளவை எடுத்தாலும் அதில் கொஞ்சம் பிழை இருக்கும். அந்தப் பிழைகளுக்கு நடுவில் கலம் நிஜமாக எங்கே இருக்கிறது என்று கணிப்பதுதான் தொழிலே.

1976-ல் நாசாவின் வைக்கிங் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது, 'இதற்குள் எங்காவது விழும்' என்று குறித்த நீள்வட்டம் 280 கி.மீ. நீளம், 100 கி.மீ. அகலம். சூளூர்பேட்டைக்குக் குறிவைத்தால் நெல்லூரையோ சென்னையையோ தாண்டிக்கூட விழலாம். 2021-ல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்திக்கு அது 7.7-க்கு 6.6 கி.மீ. ஆகச் சுருங்கியது. பாராசூட்டில் தொங்கும்போதே தரையைப் படம் எடுத்து, தன்னிடமிருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஆபத்தில்லாத இடத்தை அதுவே தேர்ந்தெடுத்தது. வேறு வழியில்லை. அன்று சிக்னல் பூமிக்கு வரச் சுமார் 11 நிமிடம். வளிமண்டலத்தில் நுழைந்து தரை தொட 7 நிமிடம்தான். நுழைந்த செய்தி இங்கே வரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அன்று தரை தொட்டதை அறிவித்த குரல் பெங்களூரில் பிறந்த நாசா பொறியாளர் சுவாதி மோகனுடையது.

சரி, படிப்புக்கு வருவோம். வேண்டியது புள்ளியியல், மேட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு, நன்றாக கோடிங். கல்லூரிப் பெயர்ப் பலகையில் ஏரோஸ்பேஸ் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இஸ்ரோ பொறியாளர் தேர்வுக்குப் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏரோஸ்பேஸ்தான் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள ஐ.ஐ.எஸ்.டி.க்கு (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) முயலட்டும், அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கியவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நாம் நிலவில்தான் இறங்கியிருக்கிறோம், செவ்வாயில் இன்னும் இல்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் உலகம் முழுக்கவே கொஞ்சம் பேர். ஆனால் இதே கணக்குதான் ட்ரோனிலும், செயற்கைக்கோளிலும், தானாக ஓடும் காரிலும் இருக்கிறது. படித்தது வீண்போகாது.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் ஒரே இடத்தில் போனை வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கடைசி இலக்கம் வரை ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு நாள் அளவுகளை வரைபடத்தாளில் புள்ளியாக வைத்தால் சிதறிக் கிடக்கும். அதன் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற அளவு) அவளே கண்டுபிடிக்கட்டும். 'ஏன் இந்தப் பக்கம் மட்டும் அதிகமா சாயுது?' என்று கேட்டு நோண்ட ஆரம்பித்தால் எனக்கு எழுதுங்கள், எந்தப் பிரிவு என்று பேசலாம். இரண்டாவது மணியிலேயே சலித்துவிட்டால் அதையும் எழுதுங்கள்; ராக்கெட் பிடித்த பிள்ளைக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன.